குழாயடியும் சொந்தக் கிணறும்

நம் எழுத்தில் பெற்றோரின் பால்யத் துயரம் பெரும்பாலும் இரண்டே காரியங்களுக்குப் பயன்பட்டிருக்கிறது. ஒன்று, தகப்பனைத் தியாகச் சின்னமாகச் சுவரில் மாட்டுவதற்கு. மற்றது, பிள்ளையை அடிக்க. தெருவிளக்கில் படித்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இரண்டும் தெரியும். பட்ட கஷ்டம் மனிதனைக் கனியவைக்கிறது என்பது வணிகப் பத்திரிகைகளின் சித்தாந்தம். கஷ்டம் அநேகரைக் கடினமாகத்தான் ஆக்குகிறது. கனிந்த சிலருக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று நம்மில் யாரும் கேட்பதில்லை.

அசோகமித்திரன் கேட்டிருக்கிறார். ‘தண்ணீர்’ (1973) வறட்சியைப் பற்றிய நாவலாகவே பேசப்பட்டு வந்திருக்கிறது. குறியீடு தேடுகிறவர்கள் குடத்தை விட்டு நகரவில்லை. எனக்கு அது யார் யாரைத் தாங்குகிறார்கள் என்பதைப் பற்றிய நாவல். சித்தம் கலங்கிய அம்மாவும் சாயாவின் பிள்ளை முரளியும் மாமா வீட்டில். இது உறவின் ஆதரவு. உதறவும் முடியாது, கூசாமல் ஏற்கவும் முடியாது. இன்னொரு பக்கம் டீச்சரம்மா. பதினைந்து வயதில் நடுவயது நோயாளி ஒருவருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவள். எல்லாம் முடிந்துவிட்டதென்று கிடக்கும் ஜமுனாவிடம் அவள் இதமாகப் பேசுவதில்லை. தன் கதையைச் சொல்கிறாள், தண்ணீருக்கு அழைத்துப் போகிறாள். அவ்வளவே. தாயாகப்போகும் ஒருத்தி எழுந்து நிற்க அது போதுமானதாயிருக்கிறது. டீச்சரம்மாவின் கடுமையைத் துளியும் குறைக்காமல் இதைச் செய்திருப்பதுதான் விசேஷம்.

இத்தகைய துயரங்களை அளந்து பார்த்தவர்களும் உண்டு. 1998இல் அமெரிக்க மருத்துவர்கள் ஃபெலிட்டியும் ஆண்டாவும் குழுவினரும் ஏழு வகைப் பால்யக் கேடுகளை எண்ணி, எண்ணிக்கை கூடக்கூட வளர்ந்தபின் நோயும் கூடுவதைக் காட்டினார்கள். அவசியமான காரியம். ஆனால் அந்தப் பட்டியலில் டீச்சரம்மாவுக்கு இடமில்லை.

நாவலுக்குப் பிந்திய கதை சரியாக எழுதப்படவில்லை. மின்சார ரயில் 1931இலேயே தாம்பரம் வரை வந்துவிட்டது. மாம்பலத்தில் குடக்கூலிக்கு இருந்தவர்கள் பலர் பிற்பாடு அந்தப் பாதையைப் பிடித்தே பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர் என்று மனை வாங்கிப் போனார்கள். மனையில் முதல் வேலை கிணறு. குழாயடியில் நின்ற பிள்ளைகள் தகப்பன்மார்களானதும் தம் குழந்தைகளுக்குத் தந்த பெரிய சொத்து, யார் வாசலிலும் போய் நிற்கவேண்டாம் என்பது. இந்தப் பெருமிதத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. குழாயடி அப்படியொன்றும் சொர்க்கமில்லை. வசவும் ஜாதியும் அங்கே குடத்தோடு வரிசையில் நின்றன. ஆனால் காம்பவுண்டுச் சுவருக்குள் அப்பாவின் பழைய பயம் பிள்ளையின் முதுகில் இறங்கும்போது, ‘போதும் விடுங்கோ’ என்று சொல்ல அடுத்த வீட்டு மாமி இல்லை.

2015 டிசம்பரில் அடையாறு முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தபோது, மொட்டைமாடியிலிருந்து கூப்பிட்டுத்தான் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரையே தெரிந்துகொண்டோம் என்று சொன்னவர்களைக் கேட்டிருக்கிறேன். வெள்ளத்தைப் பற்றிக் கவிதைகள் வந்தன, நிறையவே. நீர் வடிந்த பிறகு அந்த மாடிகளுக்கிடையே பேச்சு மிஞ்சியதா, அந்த வீட்டுக் குழந்தை அப்பாவுக்குப் பயந்த இரவில் எந்தக் கதவைத் தட்டியது என்பதைப் பற்றி ஒரு சிறுகதையும் என் கண்ணில் படவில்லை.