தீயைத் தாங்கும் பெட்டகம்

கதவைத் திறந்தவுடன் ஏற்படுவது ஏமாற்றமே. வெளியிலிருந்து பார்க்கையில் விசாலமாகத் தோன்றும் இப்பெட்டகம், சுவர்களின் கனத்தினால் உள்ளே வெகுவாகக் குறுகி, முத்திரைத்தாளில் எழுதிய கிரயப் பத்திரத்தை மடிக்காமல் வைப்பதற்குக்கூட இடமளிப்பதில்லை.

ஆனால் அந்தக் கனத்தில்தான் இதன் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகளுக்கிடையே நிரப்பப்பட்டிருக்கும் ஜிப்சம் போன்ற பொருள், தன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஜலத்தைத் தன்னுள் பிணைத்து வைத்திருப்பதாகையால், அடுப்பிலுள்ள பானையில் நீர் வற்றும்வரை சோறு தீய்ந்துபோகாதது போல, அந்த ஜலம் ஆவியாகித் தீரும்வரை வெளி உஷ்ணம் உள்ளே எளிதில் ஏறுவதில்லை. கதவோரத்தில் ஒட்டியுள்ள கரும்பட்டை, சாதாரண நாட்களில் விரலுக்கு அட்டை போலத் தட்டுப்படினும், சூடு பட்டதும் உப்பிப் பெருத்து இடுக்கை அடைத்துவிடும்.

அமெரிக்காவின் அண்டர்ரைட்டர்ஸ் லாபரட்டரீஸ் வகுத்த ஒரு மணி நேரப் பரீட்சையில், உலையின் வெப்பம் 927 டிகிரி செல்சியஸை எட்டினாலும் உட்புறம் 177 டிகிரியைத் தாண்டலாகாது. காகிதம் கருகத் தொடங்குவது 200 டிகிரிக்கு மேல் என்பதால் பத்திரங்களுக்கு இது போதும். ஆனால் லாமினேஷன் செய்த சான்றிதழ் இளகி ஒட்டிக்கொள்ளக்கூடும். கணினித் தகடுகளுக்கென ஏற்பட்ட தனி வகுப்பின் வரம்போ 52 டிகிரிதான். ஆகவே பென் டிரைவை இதனுள் வைத்துவிட்டு நிம்மதியாயிருத்தல் விவேகமன்று.

நித்திய உபயோகத்தில் பெரிய உபத்திரவம் ஈரம். தீயில் ரட்சிக்கும் அதே ஜலம், அமைதிக் காலத்திலும் சிறிது சிறிதாகக் கசிந்து காகிதங்களைத் துவளச் செய்வதால், சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு அவ்வப்போது மாற்றுவதும், கதவைச் சற்றுத் திறந்து வைப்பதும் அவசியமாகின்றன. நகைகளை இதில் வைப்பதை நான் சிபாரிசு செய்யேன். தகடு மெல்லியது, கடப்பாரைக்கு வெகுநேரம் ஈடுகொடாது.

விபத்து நேர்ந்தபின் பெட்டகத்தை உடனே திறப்பது பேராபத்து. 1906-ல் சான் பிரான்சிஸ்கோ நகரம் எரிந்தபோது, சூடு தணியுமுன் திறந்த பெட்டகங்களில், காற்றுப் பட்ட மாத்திரத்தில் உள்ளிருந்த தாள்கள் தீப்பற்றின. அதனால் பாங்கிகள் பல நாட்கள் காத்திருந்தே தம் நிலவறைகளைத் திறந்தன. இத்தகைய எச்சரிக்கை, நான் பரிசீலித்த பெட்டகத்தோடு வந்த குறிப்பேட்டில் சிறு எழுத்தில்கூட இல்லாதது, இடக்குறைவைக் காட்டிலும் பெரிய குறையென்பது என் அபிப்பிராயம்.