ஷாப்லி: பீப்பாக் கட்சியும் எஃகுக் கட்சியும்

ஷாப்லி வைனின் சிந்தனைப் பள்ளிகளைப் பற்றி எழுதித் தரும்படி நம் வைன் வட்டத்தின் மலர்க்குழு கேட்டிருக்கிறது. மூத்தோர் வாக்கைத் தட்ட முடியாது. ஷார்டொனே, செரன் ஆறு, 1938ஆம் ஆண்டுப் பெயர் வரையறை எல்லாம் வட்டத்து உறுப்பினர்களுக்குப் பழகிய பாடம் என்பதால், கட்டுரை நேரே கட்சிகளுக்குப் போகிறது.

முதற் சண்டை மண்ணில் தொடங்கியது. பொடிச் சிப்பி ஓடுகள் அடர்ந்த கிம்மரிட்ஜியன் களிச் சுண்ணாம்பில் விளைவது மட்டுமே ஷாப்லி என்றது ஒரு தரப்பு. அதற்கு மேலே கிடக்கும் போர்ட்லாண்டியன் சுண்ணாம்பிலும் சரிவும் வெயிலும் சரியாக வாய்த்தால் போதும் என்றது மறு தரப்பு. முன்னதற்கு முன்னின்றவர் வில்லியம் ஃபெவ்ர். பின்னதற்கு மலினி ஊரின் ழான் துருப். 1970களில் ஷாப்லிப் பெயருக்குரிய எல்லை தளர்ந்தபோது துருப் தரப்பின் கை ஓங்கியது. 1950களில் ஏறக்குறைய 500 ஹெக்டேராகச் சுருங்கிக் கிடந்த தோட்டங்கள் இன்று 5,500ஐத் தாண்டி நிற்கின்றன. புதிதாகச் சேர்ந்த காணிகள் எல்லாமே அந்தப் பெயருக்குத் தகுமா என்பது பெரியவர்கள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். கிராண்ட் க்ரூ என்னும் உச்சத் தரத் தோட்டங்கள் ஏழும் மட்டும் அன்று போலவே, ஆற்றின் வலக்கரையில் ஊரைப் பார்த்த சரிவில், சுமார் 100 ஹெக்டேருக்குள் அடங்கியிருக்கின்றன.

இரண்டாவது சண்டை நிலவறையில் நடந்தது, இன்னும் நடக்கிறது. வைன் எஃகுத் தொட்டியிலேயே இருக்க வேண்டும், மரம் பட்டால் மண்ணின் ருசி மங்கிவிடும் என்பது எஃகுக் கட்சி. லூயி மிஷேல் குடும்பம் பல பத்தாண்டுகளாகப் பீப்பாவைத் தொடவில்லை. துருப் வீடும் அவ்வழியே. எதிர்முனையில் புது ஓக் மரத்தை நம்பியவர் ஃபெவ்ர். 1998இல் அவருடைய நிறுவனம் ஆன்ரியோ குடும்பத்தின் கைக்கு மாறிய பிறகு அங்கே புது மரத்தின் வாடை தணிந்தது. 1923இல் பிறந்த லா ஷாப்லிசியேன் கூட்டுறவு, ஊர் விளைச்சலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைத் தன் கையில் வைத்திருப்பதால், இரு கட்சிக்கும் பொதுவாக நடந்துகொள்கிறது.

நம் வட்டத்தின் கட்சி எது என்று கேட்க வேண்டியதில்லை. வட்டத்தைத் தொடங்கிய அண்ணை பாரிஸ் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவ வந்து, அதே உணவகத்தின் நிலவறைப் பொறுப்பு வரை உயர்ந்தவர். அவர் பழைய பீப்பாவின் ஆள். 132 லீற்றர் கொள்ளும் ஃபெயெத் என்ற சிறு பீப்பா, பல அறுவடை கண்டு தன் மரவாசனை முழுவதையும் இழந்த பிறகே அவர் மதிப்புக்கு உரியதாகும். அது வைனுக்கு ருசி கொடுப்பதில்லை, மூச்சு விட இடம் கொடுக்கிறது என்பது அவர் விளக்கம். பிரான்சுவா ரவனோ 1948இல் தொடங்கிய வீடும், அதனுடன் கொண்டும் கொடுத்தும் உறவான தோவிசா வீடும் அவருக்கு இரு கோவில்கள். ரவனோவின் மோந்தே தெ தொனேர் ஒரு கிளாஸிலும் தோவிசாவின் லா ஃபொரே மறு கிளாஸிலுமாக வைத்து, பெயர் சொல்லாமல், எது ஆற்றின் எக்கரை என்று மட்டும் கேட்பார். பதில் தவறினால் சிரிப்பார். சரியானால் அடுத்த போத்தலைத் திறப்பார். எஃகுக் கட்சியையும் அவர் இகழ்ந்ததில்லை. லூயி மிஷேலின் வைனை வெயில் காலத்தில் ஆவலோடு தேடுவார் என்பது மூத்த உறுப்பினர்களுக்குத் தெரியும்.

இப்போதைய தலைமுறையில் சிலர், எவரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை, இந்தப் பாடங்களைச் சற்று அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். தோட்டங்களில் பெரும்பகுதியை இயந்திரம் அறுவடை செய்கிறது. அதற்கு ஆள் பற்றாக்குறை என்ற நியாயம் உண்டு. அடுத்த கோடைக்குள் போத்தலில் அடைக்கிறார்கள். அதற்குக் கடன் என்ற நியாயம் உண்டு. மேசையில் போத்தலை அமிழ்த்தும் ஐஸ் வாளிக்கு மட்டும் எந்த நியாயமும் இல்லை.

ஒரு போத்தலுக்குப் பின்னால் உள்ள பாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். ஏப்ரல் இரவில் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே இறங்கினால், தோட்டக்காரர் நள்ளிரவில் எழுந்து வரிசைகளுக்கு நடுவே எண்ணெய் அடுப்புகளைக் கொளுத்துகிறார். வேறிடத்தில் தூவு குழாயைத் திறந்து மொட்டின் மேல் விடிய விடிய நீர் தெளிக்கிறார். நீர் உறையும்போது விடும் வெப்பம் பனி உறைக்குள் இருக்கும் மொட்டைக் காக்கிறது. தெளிப்பு இடையில் நின்றால் மொட்டு கருகும். 1957இல் உறைபனி ஊரையே துடைத்தது. 2016, 2017, 2021 ஆண்டுகளிலும் அடி பலம்.

இப்படி உறைபனியிலிருந்து மீட்ட வைனை, பாரிஸ் மேசைக்கு வந்ததும் கழுத்து வரை ஐஸில் அமிழ்த்துகிறார்கள். நாலு டிகிரியில் ஷாப்லி எது, மலிவு வெள்ளை எது என்று எவராலும் பிரிக்க முடியாது. நாக்கில் புளிப்பும் குளிரும் மட்டுமே நிற்கும். பத்து டிகிரியில் எலுமிச்சைத் தோலும் நனைந்த கல்லும் எழும். லே க்ளோ போன்ற கிராண்ட் க்ரூ பன்னிரண்டைத் தாண்டினால்தான் தேனும் சிப்பி நீரின் உப்பும் காட்டும். வாளி இருக்கும் மேசையில் பீப்பாவா எஃகா என்ற சண்டைக்கே இடமில்லை. ரவனோவின் பொறுமை, மிஷேலின் பிடிவாதம், ஃபெவ்ரும் துருப்பும் மண்ணுக்காகப் போட்ட வழக்கு எல்லாம் அந்த நீரில் கரைந்து போகின்றன. கலிபோர்னியாவில் எந்தெந்தத் திராட்சையையோ பிழிந்து ஷாப்லி என்று பெயர் ஒட்டி விற்றதைவிட இது பெரிய கேடு என்பது இதை எழுதுபவரின் துணிபு. அவர்கள் பெயரைத்தான் எடுத்தார்கள். வாளி ருசியையே எடுக்கிறது.

“உதை வெளியில எடுத்து வை தம்பி” என்று அண்ணை எத்தனை பரிசாரகர்களிடம் சொல்லியிருப்பார்! இன்று சொல்ல ஆளில்லை. சென்ற ஆண்டு நம் வட்டத்தின் விருந்திலேயே இரண்டு வாளிகள் காணப்பட்டன; யார் கொண்டுவந்தது என்பதை மலரின் மரியாதை கருதி விடலாம். வரும் பொதுக்கூட்டத்தில், வட்டத்தின் விருந்து மேசைகளில் ஐஸ் வாளியைத் தடைசெய்து வெப்பமானி இரண்டு வாங்க வேண்டும் என்ற தீர்மானம் முன்வைக்கப்படும். வழிமொழிவதாக மூத்தோர் இருவர் வாக்களித்திருக்கிறார்கள். வெப்பமானிச் செலவைப் பொருளாளர் இப்போதே கணக்கில் ஒதுக்கி வைப்பது நல்லது.