பளபளப்புக்கு எத்தனை மார்க்?

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறார்கள், புத்தகத்துக்கு எழுதுகிறார்கள், புதுசாகத் திறந்த பரோட்டாக் கடைக்குக்கூட எழுதுகிறார்கள். காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் மிதிக்கிறோமே, அந்தத் தரைக்கு யாராவது விமர்சனம் எழுதி நீங்கள் படித்ததுண்டா? நான் படித்ததில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன். இதில் எனக்குச் சொந்தக் கோபம் ஒன்றும் இருக்கிறது.

போன மார்கழியில் ஒரு நாள், வாசலில் கோலம் போட்டுவிட்டு ஈரக்காலோடு உள்ளே வந்த அம்மா எங்கள் வீட்டு ஹாலில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. மணிக்கட்டில் வீக்கம், இடுப்பில் ரத்தக்கட்டு, அவ்வளவுதான். ஆனால், அன்றைக்குப் பிறகு அம்மா ஹாலின் நடுவே நடப்பதில்லை. சுவரை ஒட்டியே, ஒரு கையால் தடவிக்கொண்டே போகிறார். சொந்த வீட்டில் ஒரு மனுஷி ஓரமாக நடப்பதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதிலும் அந்தத் தரையைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவன் நானே என்கிறபோது!

இரண்டுக்கு இரண்டு வெட்ரிஃபைடு டைல்ஸ். தந்த நிறம். கடையில் இருந்த பையன் சொன்னான்: ''முகம் பார்க்கலாம் சார்.'' அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். முகம் பார்க்க வீட்டில் நாலு கண்ணாடி இருக்கிறது, தரையில் எதற்கு என்று அப்போது தோன்றவில்லை. பி.காம். படித்தவன் ஆயிற்றே, விலையை மட்டும் பேசிக் குறைத்தேன். சதுர அடிக்கு அஞ்சு ரூபாய். ரொம்பக் கெட்டிக்காரன் என்று நினைப்பு!

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. நீங்கள் டைல்ஸ் வாங்கப் போனால் இதைக் கவனியுங்கள். இரண்டுக்கு இரண்டு என்று சொல்லப்படும் டைல் நிஜத்தில் 600 மில்லிமீட்டர். இரண்டு அடி என்றால் 610 இருக்க வேண்டும். ஒரு பெட்டிக்கு 4 டைல், 16 சதுர அடி என்று பில் போட்டால், உள்ளே இருப்பது பதினைந்தரை. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு இரண்டு பெட்டி உதைக்கும். கொத்தனார் ''சார், டைல்ஸ் பத்தலை'' என்று போன் பண்ணும்போது அவரைச் சந்தேகப்படாதீர்கள். பாவம், அவர் வெட்டி வீணாக்கியது கொஞ்சம்தான். மிச்சம் பெருக்கல் கணக்கில் போனது.

சரி, விமர்சனத்துக்கு வருவோம். இந்த டைலின் பெரிய பெருமை என்ன? தண்ணீர் குடிக்காது. 1,200 டிகிரி சூட்டில் வெந்து, துவாரமெல்லாம் அடைபட்டு, அரை சதவிகிதத்துக்கும் குறைவாகத்தான் நீரை உறிஞ்சும். சாம்பார் கொட்டினால் கறை பிடிக்காது. நல்லதுதானே? நல்லதுதான். ஆனால், உள்ளே போகாத தண்ணீர் எங்கே நிற்கும்? மேலே. கண்ணுக்குத் தெரியாத ஒரு ஏடாக, பாலிஷ் போட்ட வழவழப்பின்மீது. அதில் ஒரு பாதம் பட்டால் போதும். கறை பிடிக்காத குணமும் காலை வாரும் குணமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

இன்னொரு பக்கமும் உண்டு. மேலே தண்ணீரைக் குடிக்காத டைல், அடியில் சிமென்ட் பாலை மட்டும் குடித்துவிடுமா? குடிக்காது. அந்தக் காலத்துச் செராமிக் டைலுக்கு ஊற்றின மாதிரியே இதற்கும் சிமென்ட் பாலை ஊற்றி ஒட்டினால், பிடிப்பு பேருக்குத்தான் இருக்கும். இதற்கென்று பாலிமர் கலந்த பசை மூட்டையில் வருகிறது. 'எதுக்குங்க வெட்டிச் செலவு' என்று நாம் அதைத் தவிர்ப்போம். கூடவே, 'ஜாயின்ட் தெரியக் கூடாது' என்றும் உத்தரவு போடுவோம். இரண்டு மில்லிமீட்டர் இடைவெளிகூட விடாமல் நெருக்கி அடிப்பார்கள். மதுரைச் சித்திரை வெயிலில் தரை விரியும். விரிய இடம் இல்லை. ஒரு மத்தியானம் பட்டாசு மாதிரி சத்தத்தோடு நாலு டைல் கூரை போல எழும்பி நிற்கும். ''வாஸ்து சரியில்லை'' என்று அதற்கு ஒருத்தர் பரிகாரம் சொல்லுவார்!

கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் நாலு மூலையிலும் தட்டுங்கள். கெட்டியான சத்தம் வந்தால் சரி. 'டொப் டொப்' என்று பொந்துச் சத்தம் வந்தால் சாக்பீஸால் வட்டம் போட்டுவிடுங்கள். குளியலறை வாட்டத்துக்கு கோலிக்குண்டு. உருட்டிவிட்டால் அது நீர் போகிற ஓட்டையைத் தேடிப் போக வேண்டும். கதவைத் தேடி வந்தால் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

வழுக்குவதற்கு அளவுகோலே கிடையாதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஜெர்மனியில் சாய்தளத்தில் எண்ணெய் ஊற்றி, பூட்ஸ் போட்ட ஆளை நடக்கவிட்டு, எந்தச் சாய்வில் வழுக்குகிறார் என்று பார்த்து ஆர்-9 முதல் ஆர்-13 வரை தரம் போடுகிறார்கள். நம்பர் கூடக் கூடப் பிடிப்பு அதிகம். ஆனால், நாம் வீட்டுக்குள் பூட்ஸா போடுகிறோம்? வெறுங்காலுக்கு அங்கேயே இன்னொரு சோதனை உண்டு. சோப்புத் தண்ணீர் ஓடும் சரிவில் வெறுங்காலோடு நடக்கவிட்டு ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். இதில் சி-தான் உசத்தி. அடுத்த முறை கடைக்குப் போகும்போது, ''வெறுங்கால் தரம் என்ன தம்பி?'' என்று கேட்டுப் பாருங்கள். நான் மூன்று கடைகளில் கேட்டேன். மூன்றிலும் காபி கொடுத்தார்கள்.

பொற்றாமரைக் குளத்துப் படியில் எத்தனை தலைமுறை ஈரக்காலோடு ஏறி இறங்கியிருக்கும்! உளியால் கொத்திய கருங்கல்லுக்குப் பிடிப்பு உண்டு. அதே கல்லை மிஷினில் தேய்த்துப் பளிங்காக்கி குளியலறை வாசலில் போட்டால் அதுவும் வாரிவிடும். குற்றம் கல்லில் இல்லை. மேலூர்ப் பக்கம் வெட்டிய வெள்ளைக் கிரானைட் 'காஷ்மீர் ஒயிட்' என்கிற பேரில் வெளிநாட்டுச் சமையலறைகள் வரை போயிருக்கிறது. அந்தக் குவாரிகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் என்று 2012-ல் கலெக்டராக இருந்த சகாயம் அறிக்கை அனுப்பியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு பளபளப்புக்கு மலையையே கொடுத்த ஊர் இது.

''அப்ப ஆத்தங்குடிக் கல்லு போட்டிருக்கலாமே'' என்பார்கள் ரசனைக்காரர்கள். போடலாம். கண்ணாடிமேல் அச்சு வைத்து, வண்ணச் சாந்தை ஊற்றி, மேலே சிமென்ட்டும் மணலும் அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளையே கிடையாது. கண்ணாடியைப் பிரித்தால் பூ விரிகிறது. அழகு, சந்தேகமில்லை. ஆனால், சிமென்ட் சிமென்ட்தான். எலுமிச்சைச் சாறும் புளித்தண்ணீரும் பட்டால் அரிக்கும். அடிக்கடி தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் அதுவும் வழுவழுக்கும். பத்திரிகைப் படத்தைப் பார்த்து மயங்கியவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும்.

திருமங்கலத்துக்குத் தெற்கே, கரிசக்காட்டில் இருந்தது எங்கள் தாத்தா வீடு. சிவப்பு ஆக்சைடு தரை. கரிசல் மண் மழைக்கு உப்பும், கோடைக்குச் சுருங்கும். அதனால் தரையில் ரேகை மாதிரி வெடிப்பு ஓடியிருக்கும். மண்ணை எடுத்துவிட்டுக் கிராவல் போட்டு இடிக்காமல் கட்டினால் எந்தத் தரைக்கும் அதுதான் கதி. ஆனாலும், வெடித்த அந்தத் தரையில் யாரும் விழுந்ததாக நான் கேட்டதில்லை.

இப்போது 'நீங்களே செய்யலாம்' என்று சொல்லித்தரும் வெளிநாட்டு வீடியோக்கள், புத்தகங்கள். அம்மா விழுந்த பிறகு ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகத்தான் எடுக்கிறார்கள். பலகையோடு பலகையைச் சொருகினால் 'க்ளிக்'. சாயங்காலத்துக்குள் தரை ரெடி! ஆனால், அந்த லேமினேட் பலகையின் வயிற்றில் இருப்பது மரத்தூள் நார். நாமோ போகிக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வீட்டை அலசுகிற ஜனம். ஒரே போகியில் ஓரமெல்லாம் அப்பளமாகப் பொரிந்துவிடும். சுவரில் ஏதாவது மாட்ட வேண்டுமா, உள்ளே மரச்சட்டம் எங்கே இருக்கிறது என்று கருவி வைத்துத் தேடச் சொல்கிறார்கள். நம் சுவர் செங்கல். தேடினால் செங்கல்தான் கிடைக்கும். கேரளாவில் வாழ்ந்த லாரி பேக்கர் கட்டடச் செலவைக் குறைப்பது பற்றிப் படம் வரைந்து சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டார். அவர் இங்கிலாந்தில் பிறந்தவர்தான். ஆனால், நம் மண்ணையும் மழையையும் பார்த்துவிட்டு எழுதினார். அந்த ஒரு வித்தியாசம் போதும்.

தரையை மொத்தமாகப் பெயர்க்க இப்போது என்னிடம் பணம் இல்லை. சொரசொரப்பான ரப்பர் விரிப்பை வாசலிலிருந்து சமையலறை வரைக்கும் போட்டேன். குளியலறைச் சுவரில் ஒரு ஸ்டீல் கைப்பிடி மாட்ட முடிவு செய்தேன். ''அதுக்கெல்லாம் ஆளைக் கூப்பிடுங்க. நாமளா சுவத்துல ஓட்டை போடுறது?'' என்றார் மனைவி. எங்கள் தெருவில் இருக்கிற பட்டதாரிகள் யாருக்கும் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியாது; அதில் ஒரு கௌரவம் வேறு. ஆள் 'நாளைக்கு வர்றேன்ணே' என்று ஒன்பது நாள் சொன்னார். பத்தாவது நாள் நானே இறங்கினேன்.

நீங்களும் செய்யலாம், கஷ்டமில்லை. குழாய்க்கு நேர் மேலேயும் பக்கவாட்டிலும் ஓட்டை போடாதீர்கள், உள்ளே பைப் ஓடும். டைல்மேல் ஒட்டு டேப் ஒட்டி அதில் குறி போடுங்கள், பிட் வழுக்காது. டைல் துளையும் வரை டிரில்லில் சுத்தியல் ஓட்டம் கூடாது. செங்கல் வந்த பிறகுதான். டைலுக்கும் பூச்சுக்கும் பின்னால் செங்கலில் பிடிக்கிற அளவுக்கு ஸ்க்ரூ நீளமாக இருக்கட்டும். ஈரக்கையோடு மிஷினைத் தொடாதீர்கள். காற்றில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர்க் கைப்பிடி கடையில் மலிவாகக் கிடைக்கும், அதை வாங்கவே வாங்காதீர்கள். நம்பிப் பிடிக்கும்போதுதான் அது கழன்று வரும்.

எனக்கு ஒரு டைல் விரிசல் விட்டது. நாலு ஓட்டைக்கு முழுசாக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது. மாட்டி முடித்து, என் எடை முழுவதையும் போட்டு இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பார்த்தால், கைப்பிடியில் ஈரத்துண்டைக் காயப்போட்டிருந்தார். ''ஏம்மா, அது பிடிச்சுக்கிறதுக்கு'' என்றேன்.

''பிடிச்சுக்கிட்டுத்தாம்பா காயப்போட்டேன்'' என்றார்.