மனத்தை அளக்க நூறு சீட்டுகள்

பேச்சினாலேயே ஒருவரின் மனத்துயரைத் தீர்க்கலாம் என்று யாராவது சொன்னால், இயற்பியல் கற்பிக்கும் என் போன்றோர் முதலில் கேட்பது, "எதைக் கொண்டு அளந்தீர்கள்?" என்பதுதான். அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் ரோஜர்ஸ் (1902–1987) 1961-இல் வெளியிட்ட 'ஆன் பிகமிங் எ பெர்சன்' என்னும் நூலை அந்தச் சந்தேகத்தோடுதான் கையிலெடுத்தேன். நூலின் பல பகுதிகள் அலுப்பூட்டின. சொன்னதையே திரும்பச் சொல்கிறார். ஆனால் தாம் தொழில் கற்ற நாட்களைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பக்கங்கள் அப்படியல்ல.

ரோஜர்ஸ் பண்ணையில் வளர்ந்த பையன். கால்நடைத் தீவனம் பற்றிய தடித்த நூல் ஒன்றைப் படித்து, ஒரு குழுவுக்குப் புதுத் தீவனம், மற்றொன்றுக்குப் பழைய தீவனம் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் முறையைச் சிறு வயதிலேயே தெரிந்துகொண்டார். கல்லூரியில் முதலில் வேளாண்மை. பிறகு சமயக் கல்வி. அதையும் விட்டு நியூயார்க்கில் உளவியலுக்கு வந்தார்.

1927–28-இல் அங்கு ஒரு குழந்தை வழிகாட்டும் நிலையத்தில் பயிற்சி பெற்றார். கல்லூரியில் புள்ளியியலும் அளவீடும். நிலையத்திலோ ஃபிராய்டின் கருத்துகள். இரண்டும் எண்ணெயும் தண்ணீருமாக ஒட்டாமல் நின்றன. இந்தச் சங்கடத்தை அவர் மறைக்கவில்லை.

பின்னர் ராச்செஸ்டர் நகரில் பணியாற்றியபோது, அடங்காத சிறுவன் ஒருவனின் தாயிடம், தவறு அவளிடத்திலேயே இருக்கிறது என்று உணர்த்தப் பலமுறை முயன்றார். பலிக்கவில்லை. இருவரும் கைகுலுக்கி விடைபெற்றனர். வாசல்வரை போனவள் திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை உண்டா என்று கேட்டாள். மறுபடி உட்கார்ந்து, தன் மணவாழ்வின் துயரத்தைக் கொட்டத் தொடங்கினாள். எங்கே வலிக்கிறது என்பது வலிப்பவருக்கே தெரியும் என்ற எண்ணம் ரோஜர்ஸுக்கு அங்கே வேர்விட்டது. அறிவுரை கூறாதே, கனிவோடு கேள், கேட்டதைப் புரிந்துகொண்டதாகக் காட்டு. அவருடைய முறை சுருக்கமாக இதுதான்.

ஒரு தாயின் கதை சான்றாகுமா? ஆகாது. அது ரோஜர்ஸுக்கும் தெரியும். 1954-இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஆளுக்கு நூறு சீட்டுகள். ஒவ்வொன்றிலும் குணத்தைப் பற்றிய ஒரு வாக்கியம். 'நான் இருக்கிறபடி' ஒரு முறையும், 'நான் இருக்க விரும்புகிறபடி' ஒரு முறையும் அடுக்கவேண்டும். இரண்டு அடுக்குகளுக்கும் இடையேயான ஒட்டுறவுக் கெழு, சிகிச்சைக்கு முன் சராசரியாக –0.01, பின் 0.34. சிகிச்சையை நாடாத ஒப்பீட்டுக் குழுவினருக்கோ 0.58, பிறகு 0.59.

இங்கேதான் எனக்கு இடறுகிறது. வெப்பமானியே நோயாளியாகவும் இருந்தால் அளவீட்டை எப்படி நம்புவது? அன்பாகக் கேட்டவருக்கு நன்றி காட்டவே ஒருவர் சீட்டை மாற்றி வைத்திருக்கலாம். ஒப்பீட்டுக் குழுவினரும் துயரத்தோடு வந்தவர்களல்லர். நியாயமாக ஒன்றையும் சொல்லவேண்டும்: நாடி வந்தவர்களில் சிலரை அறுபது நாள் காக்கவைத்துப் பார்த்தனர், அந்த நாட்களில் அவர்கள் எண் நகரவில்லை. 'காலம் ஆற்றிவிட்டது' என்ற மறுப்பு அதனால் வலுவிழக்கிறது. 'நன்றிக்காக' என்ற மறுப்பு அப்படியே நிற்கிறது.

ரோஜர்ஸிடம் எனக்குப் பிடித்தது வேறு. 1940-களின் தொடக்கத்திலேயே உரையாடல்களை இசைத்தட்டில் பதிவு செய்தார். 1942-இல் ஒரு சிகிச்சை முழுவதையும் சொல்லுக்குச் சொல் அச்சிட்டார். மூடிய அறைக்குள் நடந்ததை அதுவரை மருத்துவரின் ஞாபகத்திலிருந்து கேட்பதே வழக்கம். பிற்பாடு டிரூவாக்ஸ் என்ற ஆய்வாளர், ரோஜர்ஸின் பதிவுகளையே ஆராய்ந்து, அவருடைய கனிவு எல்லாச் சொல்லுக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை, சிலவற்றுக்கு அதிகமாகவே கிடைத்தது என்று 1966-இல் காட்டினார். வழிநடத்தாத மருத்துவர் தம்மையறியாமல் வழிநடத்தியிருக்கிறார்! அந்தத் தவறைப் பிடிக்க உதவிய பதிவுகள் அவரே செய்து வைத்தவை.