மெட்டு யாருக்குச் சொந்தம்?

சாரல் காலத்து மாலை ஒன்றில் இலஞ்சியில் ஒரு திருமண வீட்டில் அமர்ந்திருந்தேன். ஒலிபெருக்கியில் பழைய இஸ்லாமியப் பாடல் ஒன்று ஒலித்துக்கொண்டிருந்தது. அருகிலிருந்த பெரியவர் சற்று நேரம் செவிமடுத்துவிட்டு, "இது சினிமா மெட்டுல்லா தம்பி? காதல் பாட்டுக்குப் போட்ட மெட்டுல பக்தி எங்கேயிருந்து வரும்?" என்றார். அவருக்கு மறுமொழி கூற அப்போது என்னால் இயலவில்லை. வினா மட்டும் என்னுடனேயே வீடு வந்து சேர்ந்தது.

பெரியவரின் ஐயம் நமக்கு மட்டும் உரியதன்று. கடல் கடந்த நாட்டில் இதே வழக்கு தலைகீழாக நடந்திருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் தேவாலயங்களில் பாடிவந்த 'காஸ்பல்' பாடல்களின் உருக்கத்தை உலகியற் காதலுக்கு மடைமாற்றியபோது உருவானதே 'ஸோல்' இசை. ஸோல் என்னும் சொல்லுக்கு ஆன்மா என்பது பொருள். ரே சார்ல்ஸ் 1954-இல் பதிவு செய்த 'ஐ காட் எ உமன்' என்னும் காதற் பாடல், இயேசுவைப் பற்றிய ஒரு காஸ்பல் பாடலைத் தழுவியது. சாம் குக் என்னும் இளைஞரோ, காஸ்பல் குழுவொன்றில் புகழ்பெற்ற பாடகர். 1956-இல் அவர் தம் பக்திப் பாடல் ஒன்றையே காதற் பாடலாக மாற்றி வெளியிட்டபோது, தேவாலயத்து ரசிகர்களுக்கு அஞ்சி டேல் குக் என்று பெயரை மாற்றிக்கொண்டார். பெயரை மாற்றலாம், குரலை எங்கே ஒளிப்பது?

அங்கே எழுந்த குற்றச்சாட்டு, 'ஆண்டவனுக்குரிய மெட்டைக் காதலுக்குக் கொடுத்துவிட்டாய்' என்பது. இங்கே எழுவது, 'காதலுக்குரிய மெட்டை ஆண்டவனிடம் கொண்டுவந்தாய்' என்பது. இரண்டும் ஒரே நம்பிக்கையின்மீது நிற்கின்றன. மெட்டுக்குப் பிறவிக்குணம் ஒன்று உண்டு, அதனை மாற்றவியலாது என்பதே அந்நம்பிக்கை.

இதனைப் பொய்யாக்குவதும் அதே சாம் குக்கின் வாழ்வுதான். 1963-இல் லூசியானா மாநிலத்தில் ஒரு விடுதி, நிறத்தைக் காரணமாக்கி அவருக்கு இடம் மறுத்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அவர் பதிவு செய்த 'எ சேஞ்ச் இஸ் கான்னா கம்' என்னும் பாடலில், அவர் துறந்ததாகக் கருதப்பட்ட தேவாலயத்து உருக்கம் திரும்பி வந்தது. இம்முறை அது காதலையும் பாடவில்லை, துதியையும் பாடவில்லை, நீதியைக் கேட்டது. அவ்வாண்டு டிசம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பாடலோ, உரிமைப் போராட்டத்தின் கீதமாயிற்று.

மென்மையான ராக் இசையிலும் ஒரு சான்று உண்டு. கேட் ஸ்டீவன்ஸ் 1971-இல் பாடிய 'மார்னிங் ஹேஸ் புரோக்கன்' அவருடைய சொந்தப் படைப்பென்றே பலர் எண்ணுவர். அதன் சொற்கள், எலினார் ஃபார்ஜன் என்னும் ஆங்கிலப் பெண் கவிஞர் எழுதி 1931-இல் வெளியான துதிப் பாடல். மெட்டோ ஸ்காட்லாந்து நாட்டுப்புற மெட்டு; அதற்கு முன்பு கிறிஸ்துமஸ் பாடலொன்றைச் சுமந்தது. அதனை உலகெங்கும் கொண்டுசென்ற அந்தப் பாடகர், 1977-இல் இஸ்லாத்தைத் தழுவி யூசுஃப் இஸ்லாம் ஆனார். பாடற்றொழிலை விட்டு நெடுங்காலம் விலகியிருந்து, 2006-இல்தான் புதிய இசைத்தொகுப்புடன் மீண்டார். பெரியவரின் வினா அவரையும் வாட்டியிருக்கும் போலும்!

இவ்வளவு தொலைவு போவானேன்? விடை இலஞ்சியிலேயே இருக்கிறது. இவ்வூர்க் குமரன்மீது அருணகிரிநாதர் திருப்புகழ் பாடியுள்ளார். அந்தத் திருப்புகழ்ச் சந்தத்தைத்தான் காயல்பட்டினத்து வரகவி காசிம் புலவர் மேற்கொண்டு, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது தம் திருப்புகழைப் பாடினார். சந்தம் முருகனுக்குரியது என்று அவர் ஒதுங்கவில்லை. இரவல் என்று நாணவுமில்லை. குணங்குடி மஸ்தான் சாகிபும் அவ்வாறே. மனோன்மணிக் கண்ணியில் அவர் பரம்பொருளைக் காதலியாகவே விளித்தார். காதற் பாட்டின் உருவம் பக்திக்கு ஆகாதென்றால், நம் ஞானப் பாடல்களில் எத்தனையை இழக்க நேரும்!

ஆயின், சினிமா மெட்டில் அமைந்த பாடல்கள் யாவும் நல்லவையா? இங்கேதான் பெரியவரின் பக்கம் நான் சாய்கிறேன். காசிம் புலவர் சந்தத்தை எடுத்தாலும், சொல்லைத் தாமே தேடினார். ஒவ்வோர் எழுத்தும் அதற்குரிய மாத்திரையில் அமர உழைத்தார். ஒலிநாடாக் காலத்தில் வந்த பாடல்கள் பலவற்றில் அவ்வுழைப்பைக் காணோம். மெட்டு இழுத்த இழுப்புக்குச் சொல் போகிறது. 'நபி' என்பது இரு குறில்கள் கொண்ட சொல். நெடில் வேண்டிய இடத்தில் அதனை வைத்து நீட்டினால் 'நாபி' என்று வேறொரு சொல்லாகிவிடும். பாடுவோரும் உணர்வதில்லை, கேட்போரும் தலையசைக்கின்றனர். குற்றம் மெட்டு வந்த வழியில் இல்லை. சொல்லை அதற்கு அடிமையாக்கியதில் இருக்கிறது.

நாகூர் ஹனிபா (1925–2015) பாடிய 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்னும் பாடலை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மஸ்தான் சாகிபின் குரல், தனியே நின்று இறைவனிடம் முறையிடும் குரல். இஃதோ, கூட்டத்தை நோக்கி 'ஏந்துங்கள்' என்று மரியாதையோடு அழைக்கும் குரல். ஓர் எழுத்தும் விழுங்கப்படுவதில்லை. ஒரு சொல்லுக்கும் உரை வேண்டுவதில்லை. சமய எல்லை கடந்து தமிழர் இதனைக் கேட்பதன் காரணம் இதுவே எனலாம்.

குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி. கே. சி. (1882–1954), செய்யுளை வாய்விட்டுப் பாடிக் காட்டியே அதன் சுவையை உணர்த்தியவர். அந்த உரைகல் நமக்கும் போதும். மெட்டின் பிறப்புச் சான்றிதழைக் கேட்க வேண்டா. பாடிப் பாருங்கள். சொல் சிதையாமல் நெஞ்சில் வந்து அமர்கிறதா? அமர்ந்தால் அந்த மெட்டு அச்சொல்லுக்கே சொந்தம். அமராவிட்டால் எந்த மெட்டாயினும் இரவல்தான்.

மீண்டும் அந்தப் பெரியவரைக் காண நேர்ந்தால் இதனையே சொல்வேன்.