எடையும் உடைமையும்: இந்தியாவிலும் இலங்கையிலும் 50 மீட்டர் ரைபிள் தேர்வு

சுடுகளங்களில் ‘பாயிண்ட் டூ டூ’ என்று வழங்கும் .22 ரைபிள், தோட்டாவின் அடிவிளிம்புக்குள் பற்றுக்கலவை அடைக்கப்பட்டு, அவ்விளிம்பைச் சுடும் ஊசி நசுக்கும்போது வெடிக்கும் வகையைச் சேர்ந்தது. ஒலிம்பிக்கில் இக்கருவிக்குரிய போட்டி, மண்டியிட்டும் படுத்தும் நின்றும் 50 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கைச் சுடும் மூன்று நிலைப் போட்டியாகும். ஆண்களின் ரைபிள் துணைக்கருவிகளோடு சேர்த்து 8 கிலோவைத் தாண்டக்கூடாது என்று பன்னாட்டு விதி வரையறுத்துள்ளது. பெண்களுக்கு நெடுங்காலம் 6.5 கிலோவே மேல்வரம்பாக இருந்தது. விதி சொல்வது மேல்வரம்பை மட்டுமே என்பதால், அதற்குள் எந்த எடையைக் கொள்வது என்பது சுடுபவரின் உடலும் பயிற்சியும் முடிவு செய்ய வேண்டியதாகிறது. நடைமுறையிலோ, இந்தியாவிலும் இலங்கையிலும் அதை முடிவு செய்வது பெரும்பாலும் ரைபிள் யாருடைய உடைமை என்பதே.

எடை ஏன் பொருட்படுத்தத் தக்கது என்பதை முதலில் காண வேண்டும். இலக்கின் பத்தாம் வளையம் 10.4 மில்லிமீட்டர் விட்டமுடையது. குண்டின் விளிம்பு வளையக்கோட்டைத் தொட்டாலே பத்து கிடைக்கும் என்ற சலுகையையும் சேர்த்துக் கணக்கிட்டால், தோளிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் குழல்முனை 0.16 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் பத்து தவறிவிடும். மூச்சும் இதயத் துடிப்பும் தசை நடுக்கமும் ஓயாமல் அசைக்கும் உடலில் தாங்கப்படும் கருவி கனமாக இருந்தால், அவ்வசைவுகள் குழல்முனையில் மெதுவாகவும் சிறிதாகவும் வெளிப்படுகின்றன. பின்னுதைப்பும் குறைகிறது என்பது உண்மையே, ஏறத்தாழ 2.6 கிராம் குண்டு நொடிக்கு 325 மீட்டர் வேகத்தில் வெளியேறும்போது, 5 கிலோ ரைபிள் நொடிக்கு 17 சென்டிமீட்டர் அளவிலும் 7 கிலோ ரைபிள் 12 சென்டிமீட்டர் அளவிலும் பின்னோக்கி நகரும். ஆனால் இவ்வகைத் தோட்டாவின் உதைப்பே சிறிது என்பதால், கனத்தின் மெய்யான பயன் உதைப்பைக் குறைப்பதில் இல்லை, அசைவை அடக்குவதில்தான் இருக்கிறது.

அதே கனம் நிலைக்கு நிலை வெவ்வேறாக நடந்துகொள்கிறது. படுத்த நிலையில் முழங்கைகளும் தோள்வாரும் சுமையைத் தரைக்குக் கடத்திவிடுவதால் ஒரு கிலோ கூடினாலும் பெரும் வேறுபாடு தெரிவதில்லை. நின்ற நிலையில் முதுகைப் பின்சாய்த்து, இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, சுமையைத் தசைக்குத் தராமல் எலும்பின் வழியே பாதத்துக்கு இறக்க வேண்டியிருப்பதால், அளவு மீறிய கனம் இடுப்பையும் கீழ்முதுகையும் தளர்த்தி, தொடக்கத்தில் தந்த நிலைப்பை இறுதிச் சுற்றுகளில் பறித்துக்கொள்கிறது. எனவே முதல் சுடுகைக்கு எது நன்றாக இருக்கிறது என்று பார்த்து எடையைத் தேர்வது பிழை. அறுபதாவது சுடுகைக்கு எது பொருந்துகிறது என்றே பார்க்க வேண்டும். மொத்த எடையைவிட அது எங்கே அமர்ந்திருக்கிறது என்பது முக்கியம்: குழல்முனையில் பூட்டிய 200 கிராம் எடைக்கட்டி அசைவை அடக்கும், அதையே தோள்தாங்கியில் பூட்டினால் முன்பாரம் குறைந்து கைக்கு இளைப்பாறுதல் கிடைக்கும்.

இந்தியாவில் மாணவர் பலர் முதன்முதலில் தொடும் .22 ரைபிள், தேசிய மாணவர் படையின் 3 கிலோவுக்கும் சற்றுக் குறைந்த டீலக்ஸ் வகையாகும். அதைப் படுத்த நிலையில் 25 கெஜத்தில் சுட்டுப் பழகிய ஒருவர், பின்னர் 5.5 கிலோ வரை அனுமதிக்கப்படும் 10 மீட்டர் காற்று ரைபிளுக்கும், அதன்பின் மூன்று நிலை ரைபிளுக்கும் மாறும்போது, கனமெல்லாம் நன்மை என்று நம்பிவிடும் பழக்கம் ஏற்படுவது இயல்பே. ஆயினும் மேல்நிலைச் சுடுநருக்கு இங்கே ஒரு வழி திறந்திருக்கிறது: 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் வரையறுக்கும் ‘புகழ்பெற்ற சுடுநர்’, அதாவது தேசியப் போட்டியில் குறித்த தகுதிப் புள்ளியை எட்டியவர், சொந்தமாக ரைபிளை இறக்குமதி செய்யலாம். தம் உடலளவுக்கு அமைத்த கருவியோடு ஆண்டுக்கணக்கில் பயிலும் இவ்வாய்ப்பு, 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 469.6 புள்ளியோடு உலகச் சாதனை படைத்துத் தங்கம் வென்ற சிஃப்ட் கவுர் சம்ரா, 2024 பாரிஸில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே ஆகியோர் எழுந்த சூழலின் ஒரு கூறு. மாவட்டக் கழகங்களின் பொது ரைபிளை முறைவைத்துப் பயன்படுத்தும் பெரும்பான்மையோருக்கு இந்த வழி இன்னும் எட்டாதது.

இலங்கையில் துப்பாக்கியைத் ‘துவக்கு’ என்றே தமிழர் அழைப்பர். சட்டம் அதைச் சுடுகலன் என்கிறது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் உரிமம் பெறுவது கடினம், பாடசாலைச் சுடுதல் காற்று ரைபிளோடு நின்றுவிடுகிறது, ஆகவே .22 பயிற்சி பெரும்பாலும் முப்படைகளிடமும் பொலிசிடமுமே இருக்கிறது. வெலிசறைக் கடற்படைச் சுடுதளம் போன்ற இடங்களில் ரைபிள் படைப்பிரிவின் உடைமையாக இருப்பதால், ஒரே கருவியை உயரமும் தோளகலமும் வேறுபட்ட இருவர் பகிர்ந்துகொள்ள நேர்கிறது. அங்கே கருவி உடலுக்கு இசைவதில்லை, உடல் கருவிக்கு இசைகிறது. மேலும், 4 கிலோ அளவிலான படை ரைபிளைத் தசையால் இறுகப் பற்றிப் பழகியவர், எலும்பில் இறக்கும் தாங்குமுறையை முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது. இது இந்தியப் படைவீரருக்கும் பொருந்தும் இடர்தான். இவற்றுக்கிடையிலும் இலங்கைச் சுடுநர் மங்கள சமரகோன் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மூன்று நிலைப் போட்டிவரை சென்றது சிறிதல்ல.

இலங்கையின் குறை திறமைக் குறை அன்று, பொருத்தக் குறை. ஆளுக்கொரு இறக்குமதி ரைபிள் எந்தப் படைப்பிரிவுக்கும் எளிதன்று. ஆனால் ஒவ்வொரு சுடுநருக்கும் தனித்தனி எடைக்கட்டித் தொகுதியும், தோள்தாங்கியின் நீளம், எடைகளின் இடம் ஆகியவற்றைக் குறித்து வைக்கும் ஓர் ஏடும் தருவது எளிது, அதற்கு ஆகும் செலவும் புதிய ரைபிளின் விலையில் சிறுபங்கே. இதை முதலில் செய்ய வேண்டியது இலங்கை. இந்தியாவின் மாவட்டக் கழகங்களும் அதற்கு விலக்கல்ல.