இரண்டாவது கம்பைல்

அக்டோபர் பிறந்துவிட்டால் கணினித் துறை மாணவர்களிடம் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்கிறது. 2014இல் டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் தொடங்கிய ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற திறமூலத் திருவிழாவின் புண்ணியத்தில், திறமூலத் திட்டம் ஒன்றில் பெயர் இருந்தால் ரெஸ்யூமேவுக்கு அழகு என்றாகிவிட்டது. அந்தப் பக்கம் புதிதாக எட்டிப்பார்ப்பவருக்குச் சீனியர்கள் சொல்லும் முதல் பாடமும் ஏறக்குறைய ஒன்றுதான்: “பிடிச்ச ஓப்பன் சோர்ஸ் கேம் ஒண்ணை எடு. சோர்ஸ் கோடை இறக்கி உன் மெஷின்லயே கம்பைல் பண்ணி ஓட்டிப் பாரு. அது ஓடிட்டா நீ பாதி டெவலப்பர்.” சொல்பவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. பாடத்தில்தான் சந்தேகம்.

கம்பைல் செய்வதே வீண் என்று சொல்ல வரவில்லை. ஐகானுக்குப் பின்னால் இருப்பது மனிதர்கள் எழுதிய நூற்றுக்கணக்கான கோப்புகள் என்று ஒருமுறை கண்ணால் பார்ப்பது நல்லதுதான். டெர்மினல் பயம் தெளியும். ஆயத்தமாக யாரும் கட்டித் தராத கருவியில் விளையாட வேண்டுமானால் வேறு வழியும் கிடையாது. வரவுக் கணக்கு இத்துடன் முடிந்தது.

இந்தப் பயிற்சிக்கு அடிக்கடி பலியாகும் விளையாட்டு ‘பேட்டில் ஃபார் வெஸ்னாத்’. 2003இல் டேவிட் ஒயிட் தொடங்கியது; அறுகோணக் கட்டங்களில் படை நகர்த்தி, முறை வைத்து ஆடும் போர் விளையாட்டு; சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதியது; ஜி.பி.எல். உரிமம். புதியவர் அதை இறக்கிக்கொள்கிறார். கட்டுமான வேலையை ஸ்கான்ஸ் பார்த்துக்கொள்ளும், அல்லது சிமேக். கட்டளையைத் தட்டியதும் முதல் பிழை வந்து நிற்கிறது: எஸ்.டி.எல்.2 நூலகத்தின் ஹெடர் கோப்பைக் காணோம். அதைச் சரிசெய்தால் பூஸ்டில் ஏதோ ஒரு துண்டு இல்லை. பிறகு பேங்கோ, கைரோ, வோர்பிஸ் என்று ஒவ்வொன்றாக. டெபியனிலும் உபுண்டுவிலும் ‘பில்ட்-டெப்’ என்று ஒரே கட்டளை இருக்கிறது. அது தெரிந்தால் இவை அத்தனையும் ஒரே வீச்சில் இறங்கிவிடும். அதைச் சொல்லித்தருபவர்கள் குறைவு. தட்டுத்தடுமாறினால்தான் கற்றல் என்ற நம்பிக்கை போலும்.

ஒரு பட்டறையில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மாணவிக்கு அதே எஸ்.டி.எல். பிழை. பிழைச் செய்தியை அப்படியே ஏ.ஐ. அரட்டைப் பெட்டியில் ஒட்டினார், அது ‘சூடோ’ என்று தொடங்கும் ஒரு வரியைத் தந்தது, அதை டெர்மினலில் ஒட்டினார், பிழை மறைந்தது. “உன் மெஷினில் எஸ்.டி.எல். ஏற்கெனவே இருந்ததே, வேறு கேம்கள் அதை வைத்துத்தானே ஓடின? பிறகு ஏன் இல்லை என்றது?” என்று கேட்டேன். “தெரியல சார். இந்தக் கமாண்டைப் போட்டேன், சரியாயிடுச்சு.”

குறை அவருடையதல்ல. விடை இரண்டு வாக்கியத்தில் சொல்லக்கூடியதுதான். விளையாட்டு ஓடுவதற்கு எஸ்.டி.எல்.லின் இயந்திர மொழிக் கோப்பு போதும்; ஆனால் கம்பைலருக்கு, அதற்குள் என்னென்ன செயற்கூறுகள் உள்ளன, எவற்றை வாங்கி எவற்றைத் தரும் என்று அறிவிக்கும் ஹெடர் கோப்புகள் வேண்டும். டெபியன்காரர்கள் முன்னதை ஒரு பேக்கேஜிலும் பின்னதைப் பெயரின் வாலில் ‘டெவ்’ ஒட்டிய இன்னொரு பேக்கேஜிலும் பிரித்து வைத்திருக்கிறார்கள். கம்பைலிங், லிங்க்கிங் என்ற இரண்டு கட்டங்களின் வேறுபாடு முழுவதும் அந்த ஒரு பிழையில் அடங்கியிருந்தது. ஆனால் பயிற்சியின் இலக்கு ‘கேம் திரையில் வர வேண்டும்’ என்பதாக இருக்கும்போது, பிழை என்பது படிக்க வேண்டிய பொருளாகத் தெரிவதில்லை, தாண்ட வேண்டிய பள்ளமாகத்தான் தெரிகிறது. கல்யாணச் சமையலுக்கு மளிகைப் பட்டியலை எடுத்துக்கொண்டு கடை கடையாக அலைந்து வந்தவர், சாமான் எல்லாம் கிடைத்துவிட்டது என்பதற்காகத் தன்னைச் சமையல்காரர் என்று சொல்லிக்கொள்வதில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறோம்.

கடைசியில் கிடைப்பது என்ன? ஒரே கட்டளையில் நிறுவியிருந்தால் கிடைத்திருக்கும் அதே வெஸ்னாத். அதே தலைப்புத் திரை, அதே இசை. பல சமயம் இன்னும் முடிக்கப்படாத வளர்ச்சிப் பதிப்பு என்பதால் கொஞ்சம் மட்டமாகவே இருக்கும். மூலநிரலின் ஒரு வரியையாவது அவர் திறந்து பார்த்தாரா என்றால், பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை. பிழை வந்ததெல்லாம் மூலநிரலுக்கு வெளியில், தீர்வுகளும் வெளியில். விளையாட்டைப் பற்றி அவர் கற்றது சுழியம்.

“அந்தக் காலத்தில் நாங்களும் இப்படிப் போராடித்தானே கற்றோம்?” என்று மூத்தவர்கள் கேட்பார்கள். இல்லை, நீங்கள் வேறொன்றைச் செய்தீர்கள். டேவிட் ஆல் தொகுத்த பேசிக் விளையாட்டுகள் 1973இல் புத்தகமாக வந்தன. 1978 பதிப்பு பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டிய முதல் கணினிப் புத்தகம் என்று பெயர் வாங்கியது. அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் விரலால் தட்டி ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு காற்புள்ளி தவறினால் விளையாட்டு நின்றுபோகும்; எந்த வரியில் நின்றது என்று தேடும்போது அந்த வரி என்ன செய்கிறது என்று யோசித்தே ஆக வேண்டும். பிழை விளையாட்டுக்கு உள்ளே இருந்தது.

1997 டிசம்பரில் ஜான் கார்மாக் ‘டூம்’ விளையாட்டின் மூலநிரலை வெளியிட்டபோதும் அப்படித்தான். அவர் கொடுத்தது லினக்ஸ் பதிப்பு. டாஸ் பதிப்பில் இருந்த ஒலிப் பகுதி வெளியாரிடம் உரிமம் வாங்கியது என்பதால் அதைத் தர முடியவில்லை. எடுத்தவர்கள் டாஸுக்கும் விண்டோஸுக்கும் கொண்டுபோக வேண்டுமானால் விட்டுப்போன பகுதியைத் தாங்களே எழுத வேண்டியிருந்தது. அவர்களும் கம்பைல் செய்தார்கள். எதையோ மாற்றியதால் செய்தார்கள். இன்றைய பயிற்சியில் அந்த ‘எதையோ’ மட்டும் கழன்று விழுந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், வெஸ்னாத்தில் எதையாவது மாற்றிப் பார்க்கக் கம்பைலரே தேவையில்லை. அதன் படைவீரர்கள், நிலங்கள், கதைகள் எல்லாம் டபிள்யூ.எம்.எல். என்ற குறிமொழியில், சாதாரண உரைக் கோப்புகளாக ‘டேட்டா’ கோப்புறைக்குள் கிடக்கின்றன. லாயலிஸ்ட் படையின் ஈட்டிக்காரன் கோப்பைத் திறந்தால் உயிர்ப்புள்ளி 36, விலை 14 பொன், நகர்வு 5 என்று வரிசையாக எழுதியிருக்கும். 36ஐ 360 ஆக்கிச் சேமித்து, தலைப்புத் திரையில் எஃப்5 விசையை அழுத்தினால் போதும். அடுத்த ஆட்டத்தில் சாகாவரம் பெற்ற ஈட்டிக்காரன் வந்து நிற்பான். நஞ்சுண்ட வீரன் ஒரு சுற்றில் இழக்கும் 8 புள்ளிகூட ஓர் உரைக் கோப்பில்தான் இருக்கிறது. பகலில் நல்லொழுங்குப் படைக்குக் கூடும் 25 சதவீத வலிமையும் அப்படியே. முன்பு மைன்டெஸ்ட் என்றும் 2024 முதல் லுவாண்டி என்றும் அழைக்கப்படும் கட்டையடுக்கு விளையாட்டிலும் இதே ஏற்பாடு: எஞ்சின் சி பிளஸ் பிளஸ்ஸில், மேலே மாற்றக்கூடியதெல்லாம் லுவாவில். இந்த விளையாட்டுகளைக் கட்டியவர்கள் புதியவருக்கென்றே ஒரு வாசலைத் தனியாக வைத்து, கதவையும் திறந்துவிட்டிருக்கிறார்கள். நாம் அவரைச் சுற்றிக் கூட்டிப்போய்க் கொல்லைப்புறச் சுவரேறிக் குதிக்கச் சொல்கிறோம், குதித்ததும் கைதட்டுகிறோம்.

என் நெடுநாள் ஆட்சேபம் இதைவிட அடிப்படையானது. கட்டுமானக் கருவிகள் எதற்காகப் பிறந்தனவோ, அந்தத் தேவையை ஒரே ஒருமுறை கம்பைல் செய்பவர் சந்திக்கவே மாட்டார். ‘மேக்’ கருவியை 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினார். அதற்குத் தூண்டுதல் அவருடைய சகா ஸ்டீவ் ஜான்சன், ‘யாக்’ எழுதியவர். ஒரு காலைப் பொழுது முழுவதும், சரியாக இருக்கும் நிரலில் பிழை தேடிச் சலித்துப்போய் அவர் வந்து புலம்பினார். பிழையை அவர் முன்பே திருத்திவிட்டார். திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்ய மறந்திருந்தார், அவ்வளவுதான். எந்தக் கோப்பு மாறியது, அதனால் எவற்றை மட்டும் மறுபடி கட்ட வேண்டும் என்ற கேள்விக்கு விடையாக வந்தது மேக். ஸ்கான்ஸும் சிமேக்கும் அதன் வழிவந்தவையே. ஆக இந்தக் கருவிகளின் உயிர் இரண்டாவது கம்பைலில் இருக்கிறது. முதல் கம்பைலில் எல்லாக் கோப்பையும் கட்டித்தான் ஆக வேண்டும். அதற்கு ஒரு நீளமான ஷெல் ஸ்கிரிப்ட் போதும். விசிறி இரைய, சதவீதம் நூறை நோக்கி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவருக்கு அது ஒரு சடங்காகத்தான் தோன்றும். தோன்றுவதில் தப்பே இல்லை. அவர் செய்ததும் சடங்குதான்.

இன்னொரு வாதமும் வரும்: நாமே கட்டினால் நம்பிக்கை. எக்ஸ்.இசட். என்ற சுருக்கக் கருவிக்குள் பின்வாசல் வைத்த விவகாரம் 2024 மார்ச்சில் வெடித்த பிறகும் இதை எப்படிச் சொல்கிறார்களோ தெரியவில்லை. அங்கே நஞ்சு ஒளிந்திருந்தது வெளியீட்டுப் பொதியோடு வந்த கட்டுமான ஸ்கிரிப்டில்; கிட் களஞ்சியத்தில் அந்த வரிகள் இல்லவே இல்லை. கட்டும் நேரத்தில்தான் அது விழித்துக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். அதைப் பிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், எஸ்.எஸ்.எச். நுழைவு அரை நொடி தாமதமாவது ஏன் என்று குடைந்தவர். படிக்காமல் கட்டுபவருக்கு இதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. புரியாத வரிகளை ‘சூடோ’ போட்டு நிர்வாகி அதிகாரத்தோடு ஒட்டும் பழக்கத்தையும் முதல் நாளே ஏற்றிவிடுகிறோம் என்பது கூடுதல் நஷ்டம்.

நான் கடுமையாகப் பேசுகிறேன் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. ஒருமுறை ஓடிவிட்ட உற்சாகத்தில் தொடர்ந்து உள்ளே போனவர்கள் இல்லையா என்பார்கள். இருக்கலாம். அவர்கள் எந்த வாசலில் விட்டாலும் போயிருப்பார்கள்; அவர்களைக் காட்டி மற்றவர்களுக்கான பாடத்தை நியாயப்படுத்த முடியாது.

கம்பைல் செய்துதான் ஆக வேண்டும் என்றால் ஒரு காரணத்தோடு அனுப்புங்கள். ஈட்டிக்காரனோடு விளையாடி அலுத்தவர், கணினி தன் வீரனுக்கு வழி தேடுவது எப்படி என்று ஒரு நாள் கேட்பார். விடை உரைக் கோப்பில் கிடைக்காது. 1968இல் ஹார்ட், நில்சன், ரஃபேல் மூவரும் வெளியிட்ட ஏ-ஸ்டார் முறை அங்கே சி பிளஸ் பிளஸ் கோப்பாக இருக்கிறது. ஒவ்வொரு தேடலிலும் எத்தனை கட்டங்களைத் தொட்டோம் என்று டெர்மினலில் அச்சிட ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். முதல் கம்பைலை ‘பில்ட்-டெப்’ போட்டுப் பேசாமல் முடித்துக் கொடுத்துவிடலாம். வரியைச் சேர்த்த பிறகு வரும் இரண்டாவதில், அந்த ஒரே கோப்பு மட்டும் கம்பைலாகி லிங்க் ஆவதை அவர் பார்ப்பார். பிறகு அந்தக் கணக்கைத் தனிக் கோப்பில் எழுதி உள்ளே வைக்கச் சொல்லுங்கள். வைப்பார், லிங்க்கர் அப்படி ஒரு செயற்கூறே இல்லை என்று திருப்பியடிக்கும். கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, கம்பைலரும் குறை சொல்லவில்லை, ஆனால் லிங்க்கருக்குத் தெரியவில்லை. வெஸ்னாத்தில் எந்தெந்தக் கோப்புகளைக் கட்ட வேண்டும் என்ற பட்டியல் ‘சோர்ஸ் லிஸ்ட்ஸ்’ என்ற கோப்புறைக்குள் இருக்கிறது. புதிய பெயரை அதில் சேர்க்க அவர் மறந்திருப்பார். அந்தப் பிழையை அரட்டைப் பெட்டியில் ஒட்டினாலும் பரவாயில்லை. இந்த முறை அது எந்தக் கோப்பைப் பற்றிப் பேசுகிறது என்று அவருக்குத் தெரியும்.